பிரைட்டன் பெயர் எழுதிய மோதிரம்

முத்தையாபுரம்,
ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து.

அன்பு மகள் ரேச்சலுக்கு,

உன் அத்தை தேவகனி எழுதுகிறேன். கர்த்தர் கிருபையால் நானும் மாமாவும் சுகம். மஸ்கட்டில் நீ சுகமாக இருக்க வேண்டும் என்று இரண்டு வேளையும் உன் பெயரைச் சொல்லித்தான் ஜெபம் முடிக்கிறோம்.

ஃபோன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். ஃபோனில் நீ அத்தை என்பாய், நான் என்ன ஏளா என்பேன். சோறு தின்னாச்சா, அங்கே வெயில் எப்படி என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவோம். சொல்ல வந்தது சொல்லாமலே நின்றுபோகும். விஜிலா லீவு முடிந்து சனிக்கிழமை புறப்படுகிறாள். உன் ஆஸ்பத்திரிக்குத்தானே வருகிறாள். அவள் கையில் கருவாட்டுப் பொடியும் கருப்பட்டியும் கொடுத்துவிடுகிறேன். கூடவே இதையும். நான் ஐந்தாவது வரைக்கும் போனவள். பிழை இருந்தால் நீ சிரித்துக்கொள், அடுத்தவருக்குக் காட்டாதே.

நீ அனுப்பிய போட்டோக்களை மாமா ஃபோனில் பெரிசாக்கிக் காட்டினார்கள். மெலிந்துபோயிருக்கிறாய். முக்கால்வாசிப் போட்டோவில் கையை வெள்ளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நிற்கிறாய். அங்கே அவ்வளவு ஏசி குளிரா? விரல் மெலிந்தால் மோதிரம் நழுவும். உள்பக்கம் நூல் சுற்றிப் போட்டுக்கொள். வேலை நேரத்தில் கழற்றச் சொன்னால் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போடு. போன மாதம் நான் கேட்டதற்கு, போட்டிருக்கேன் அத்தை, கழற்றவே இல்லை என்றாய். அன்றைக்கு முழுவதும் எனக்கு மனசு குளிர்ந்து கிடந்தது. தாலியை அடக்கத்தன்றே கழற்றி என் மடியில் வைத்துவிட்டாய். என் பிள்ளை பிரைட்டன் போட்ட மோதிரமாவது உன் கையில் கிடக்கட்டும்.

விஜிலா வந்திருந்தபோது உன்னைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். அங்கே லேபில் உன் பிறந்த ஊர் நாசரேத்துக்காரப் பையன் ஒருவன் இருக்கிறானாம், நல்ல பையனாம். அவ மோதிரத்தையே கழற்றாதவளாக்கும் என்று சொல்லிவிட்டு நான் காப்பி போட எழுந்துவிட்டேன். அவளும் அதோடு விட்டுவிட்டாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பிரைட்டன் மோதிரத்தைத் தேடப் போகிறேன்.

சிரிக்காதே. காணும் பொங்கலுக்கு முயல் தீவுக் கடற்கரையில் அவன் தண்ணீரில் ஆட்டம் போட்டுவிட்டு வெறும் விரலோடு கரைக்கு வந்தானே, அந்த மோதிரம்தான். நீ அழுதாய். அவன், கடல் ஆசைப்பட்டுக் கேட்டுட்டு, நான் குடுத்துட்டேன், விடு ரேச்சல் என்று சிரித்தான். வேறு வாங்கலாம், வாங்கலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அதற்குள் அந்த மழைக்காலம் வந்துவிட்டது. ஹார்பர் ரோடும் அந்த லாரியும் உனக்குத் தெரியும், அதை நான் எழுதவில்லை. அவனைப் பெட்டியில் வைத்திருந்தபோது வந்தவர்கள் எல்லாரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். நான் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணம் ஆன பிள்ளை மோதிரம் இல்லாமல் போகிறானே என்று அதே நினைப்பு.

இப்போது கனவில் வருகிறான். கடலுக்கு அடியில் நடக்கிறான் ரேச்சல். தண்ணீர் பச்சைக் கண்ணாடி மாதிரி நிற்கிறது. முத்துச்சிப்பி கிடக்கிற பாறைப் பார் மேல் மெதுவாகக் கால் வைத்து வைத்து நடக்கிறான், தலைமுடி மேலே எழும்பி அசைகிறது, மீனெல்லாம் அவனுக்கு வழிவிடுகிறது. குனிந்து குனிந்து எதையோ தேடுகிறான். நான் பக்கத்தில் போனால் நிமிராமலே சொல்லுகிறான், யம்மா, கொஞ்சம் தள்ளி நில்லு, வெளிச்சத்தை மறைக்கே என்று. நான் தள்ளி நிற்பதற்குள் விழித்துவிடுகிறேன். மோதிரத்தைத்தான் தேடுகிறான், வேறு என்ன.

உன் கல்யாணத்தன்று மோதிரத் தட்டில் நடந்த கூத்து ஞாபகம் இருக்கிறதா? பிரைட்டன் என்று வெட்டியிருந்ததை எடுத்து அவனே தன் விரலில் மாட்டப் போனானே. குருவானவர் கையைப் பிடித்து, தம்பி, உன் பெயர் போட்டது அவளுக்கு, அவள் பெயர் போட்டதுதான் உனக்கு என்று சொல்ல, கோயிலே சிரித்தது. அதற்குள் சின்ன மோதிரம் அவன் விரல் முட்டியில் சிக்கிக்கொண்டு, உன் அக்கா சுழற்றிச் சுழற்றி எடுத்தாள். நீ முக்காட்டுக்குள் குலுங்கினாய். நான்கூட அழுகிறாய் என்று நினைத்தேன்.

மீதி பிறகு. சோறு பொங்கிவிட்டது.

செவ்வாய், மத்தியானம்.

நயினார் அண்ணாச்சியை உனக்குத் தெரியாது. மாமா முன்னே அனல்மின் நிலையத்தில் இருந்தபோது கூடச் செக்யூரிட்டியாக இருந்தவர். ரிட்டயர் ஆனதும் மெட்டல் டிடெக்டர் ஒன்று வாங்கினார். கொற்கைப் பக்கம் போய்ப் பழைய பாண்டியன் காசு எடுக்கலாம் என்று நினைப்பு. அங்கே காவலுக்கு நின்றவர், ஏவே, நீரு யாரு, இங்கன என்ன தோண்டுதீரு என்று விரட்டிவிட்டாராம். அதிலிருந்து கடற்கரைதான். யாராவது மோதிரம், கம்மல் தொலைத்தால் ஃபோன் பண்ணிக் கூப்பிடுகிறார்கள். பாதிப் பேர் புது மாப்பிள்ளைகள். கல்யாண மோதிரம் லூசாக இருக்கும், தண்ணீரில் விரல் சுருங்கும், நழுவிப் போய்விடும்.

கிடைத்தால் அவர் கேட்பது ஒன்றுதான். அந்தப் பெண் தன் கையால் மாப்பிள்ளைக்கு மறுபடியும் மாட்டிவிட வேண்டும், அவர் நின்று பார்க்க வேண்டும். எங்க கல்யாணத்துல மோதிரம் மாத்துத நேரம் பாத்துக் கரண்டு போயிட்டு தங்கச்சி, நான் ஒண்ணையும் பாக்கல என்கிறார். நம் விஷயம் தெரிந்ததால் என்னிடம் அதைக் கேட்கவில்லை. கேட்காமல் மிஷினைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

தண்ணீர் வற்றியிருக்கிற காலை நேரம் பார்த்து நேற்றும் இன்றும் போனோம். மாமா வரவில்லை. கடல்ல போனது கடல்ல கெடக்கட்டும் என்று சொல்லிவிட்டு உப்பளத்துக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். நம் பக்கத்துக் கடலை நீ மறந்திருக்க மாட்டாய். அலையே இல்லை. எண்ணெய் ஊற்றி வைத்த மாதிரி கிடந்தது. துறைமுகத்துக்குள் வரக் காத்துக் கிடக்கிற கப்பல்கள் தூரத்தில் வீடுகள் மாதிரி நின்றன. யாரோ அங்கே குடியிருந்து காலையில் வாசல் தெளிப்பார்கள் என்று தோன்றியது. கடல் எது வானம் எது என்று பிரிக்கிற கோடே இல்லை. அண்ணாச்சி முழங்கால் தண்ணீரில் மிஷினை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டு போகிறார், நான் வலைக்கூடையோடு பின்னால் போகிறேன். தண்ணீர் எங்களை எங்கேயோ கூட்டிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. எவ்வளவு தூரம் போனோம் என்றே தெரியவில்லை.

இரும்பு இருந்தால் மிஷின் உறுமும். பொன் என்றால் கோழிக்குஞ்சு மாதிரி மெல்லிசாகக் கத்தும். சோடா டின் மூடிக்கும் அதே சத்தம்தான், அதுதான் தொல்லை. காதில் மாட்டுகிற சாமானை அவர் எனக்கு மாட்டிவிட்டார். கீழே என்னவெல்லாமோ முனகுகிறது. இத்தனை பேர் இத்தனை சாமானைத் தொலைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றிருக்கிறார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் வலைக்கூடையை நீட்டினேன். வந்ததெல்லாம் ஆணி, தூண்டில் முள், ஒரு கரண்டி. உலகமே முத்து வாங்க வந்த ஊர்ல நான் ஆணி பொறுக்குதேன் பாரு தங்கச்சி என்றார். சிரித்தேன். சிரித்து நாளாகிறது, எனக்கே என் சத்தம் வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

கிடைக்கவில்லை. நாளைக்கும் போவோம்.

வியாழன், காலை.

ரேச்சல், கிடைத்துவிட்டது.

நேற்றுத் தண்ணீரில் ஒன்றும் இல்லை என்று கரையேறினோம். காணும் பொங்கலுக்கு நாம் போர்வை விரித்தோமே, அந்த முள்ளு உடைமரம், அதன் நிழலில் உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தோம். அண்ணாச்சி மிஷினை அணைக்க மறந்து மரத்தின் தூரில் சாய்த்து வைத்தார். அது கோழிக்குஞ்சு மாதிரி கத்த ஆரம்பித்தது. டின் மூடியா இருக்கும், தின்னு தங்கச்சி என்றார். நான் இட்லியைக் கீழே வைத்தேன். கையாலேயே தோண்டினேன். முழங்கை அளவு போனதும் துணி தட்டுப்பட்டது. நீலக் கட்டம் போட்ட கைக்குட்டை. மட்கி நூல் நூலாக வந்தது. நான் எத்தனை தடவை துவைத்துப் போட்ட கைக்குட்டை, எனக்கா தெரியாது. அதில் முடிச்சு. முடிச்சுக்குள் மோதிரம்.

கண்ணாடி கொண்டு போகவில்லை. அண்ணாச்சியை வாசிக்கச் சொன்னேன். எழுத்துக் கூட்டி, பிரைட்டன் என்று வாசித்தார். மகன் பெயரை யாரோ ஒருவர் அப்படி வாசித்துக் கேட்டு எத்தனை நாளாகிறது. நான் முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டேன். அவர் அந்தப் பக்கம் திரும்பி நின்று கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் புரிந்துவிட்டது ரேச்சல். தண்ணீரில் இறங்குமுன் கழற்றி, கைக்குட்டையில் முடிந்து, மரத்தடியில் பத்திரமாகப் புதைத்திருக்கிறான். பிறகு மறந்துவிட்டான். மறதிக்காரப் பயல், பள்ளிக்கூடத்தில் செருப்பை விட்டுவிட்டு வருகிறவன்தானே. கடலில் விழவே இல்லை. இத்தனை காலமும் நாம் உட்கார்ந்த இடத்திலேயே இருந்திருக்கிறது.

தெருவுக்கெல்லாம் சொல்லிவிட்டேன். ஞாயிறு கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கை போட வேண்டும், குருவானவரிடம் சொல்லி ஜெபத்தில் அவன் பெயரைச் சேர்க்க வேண்டும். மாமா மோதிரத்தை உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்தார்கள். பிறகு என் கையில் திருப்பி வைத்துவிட்டு, சரி, நீ படு என்றார்கள். தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தேன். கனவே இல்லாமல் தூங்கினேன்.

வெள்ளி.

மேலே எழுதிய தாள்களைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன். கிழிக்கவில்லை. அத்தை எப்படி இருந்தாள் என்பதும் உனக்குத் தெரியட்டும்.

நேற்றுச் சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரி வந்து மோதிரத்தைக் கேட்டு வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் போன பிறகு மாமா மெதுவாகச் சொன்னார்கள். ஏளா, அவன் மோதிரத்துல ரேச்சல் பேருல்லா இருக்கணும் என்றார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள். பார்த்த உடனேயே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நான் தூங்கட்டும் என்று ஒரு நாள் விட்டிருக்கிறார்கள்.

எடுத்து என் விரலில் போட்டுப் பார்த்தேன். சுண்டு விரலில் பாதிதான் இறங்கியது. கல்யாணத்தன்று அவன் விரல் முட்டியில் சிக்கியதும் இதே மோதிரம்தான். தன் பெயரைப் பார்த்ததும் தன்னுடையது என்று எடுத்துவிட்டான் அவன். அவனைப் பெற்றவள் நானும் அப்படியே செய்திருக்கிறேன்.

நீ வெளிநாடு போவதற்கு முந்திய ஞாயிறு, முயல் தீவு வரைக்கும் போயிட்டு வாரேன் அத்தை என்று தனியாகப் போனாய். வரும்போது சேலை ஓரமெல்லாம் மணல். கையைத் தலைப்பில் சுற்றி வைத்திருந்தாய். என்ன என்றேன். முள்ளு குத்திட்டு என்றாய். உடைமரத்து முள் பொல்லாதது, மஞ்சள் வைக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று அறைக்குள் போய்விட்டாய். அவன் கைக்குட்டை எல்லாம் உன் அலமாரியில்தானே இருந்தது.

மறைக்காமல் எழுதுகிறேன், முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. போட்டிருக்கேன் அத்தை, கழற்றவே இல்லை என்றாயே என்று. கடகடவென்று பாத்திரம் எல்லாம் விளக்கிப் போட்டேன். அப்புறம் உன் போட்டோக்களைப் பார்த்தேன். கோட்டுப் பைக்குள் கை. ஒன்றில் பூச்சாடிக்குப் பின்னால் கை. ஒன்றில் விஜிலா முதுகுக்குப் பின்னால் கை. குளிர் என்று நினைத்தேனே நான். எனக்குப் பயந்து அத்தனை தூரத்தில் போய்க் கையை ஒளித்து வைத்திருக்கிறாய்.

எதற்காக அங்கே வைத்தாய் என்று நான் கேட்க மாட்டேன். அவன் மோதிரம் தண்ணீரில் தனியாகக் கிடக்கிறதே, பக்கத்தில் ஒன்று துணைக்கு இருக்கட்டும் என்று வைத்திருப்பாய். அல்லது தினம் அதைப் பார்க்க முடியாமல் வைத்திருப்பாய். அது உனக்கும் அவனுக்கும் உள்ளது. நான் தாய்தான், ஆனாலும் அந்த முடிச்சை அவிழ்ப்பது என் வேலை இல்லை.

ஆகையால் இன்று காலை திருப்பிக் கொண்டுபோனேன். மாமாவும் வந்தார்கள். அவன் கைக்குட்டையில் வெள்ளையாக ஒன்று என் டிரங்குப் பெட்டியில் இருந்தது, அதில் முடிந்தோம். நீ தோண்டியதைவிட ஆழமாக மாமா தோண்டினார்கள். அண்ணாச்சியிடம், இந்த மரத்தடிக்கு மட்டும் இனி மிஷினைக் கொண்டுவராதீங்க என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. இங்கன டின் மூடியாத்தான் கெடக்கு தங்கச்சி, எவன் வருவான் என்றார். வாசித்த மனுஷன்தானே, அவருக்குத் தெரியாமலா இருக்கும். காலை வெயிலில் கடல் அப்படியே வெளிச்சமாகக் கிடந்தது. நான் சேலை நனைய இறங்கி நின்றேன். அவன் மோதிரம் எங்கேயோ பார்மேல் கிடக்கட்டும். சிப்பி மூடி வைத்துக்கொள்ளட்டும். தேடி முடித்துவிட்டேன் ரேச்சல்.

திரும்பும்போது விஜிலா வீட்டுக்குப் போனேன். அன்றைக்குச் சொல்ல வந்ததை இப்போது சொல்லு என்றேன். பயந்துபோய் முழித்தாள். பிறகு சொன்னாள். அந்த லேப் பையனுக்கு நேசக்குமார் என்று பெயராம். உன்னிடம் கேட்டுவிட்டு மறுபடியும் தொந்தரவு பண்ணாமல் காத்திருக்கிறானாம். உனக்கு மனசு இருக்கிறதாம், ஆனாலும் முடியாது என்கிறாயாம். ஏன் என்றால், எங்க அத்தைக்கு மனசு தாங்காது என்கிறாயாம்.

ஏளா கிறுக்கி. அத்தை மனசை நீ சுமந்துகொண்டு அலைய வேண்டாம். அதை இறக்கி வை. அது என் மனசு, நான் தூக்கிக்கொள்வேன், கூட மாமா ஒரு பக்கம் பிடிப்பார்கள். உன் அப்பாவிடம் பேசுவதற்கு மாமா வருகிற வாரம் நாசரேத்துக்குப் போகிறார்கள், சட்டையை இஸ்திரி போட்டு வைத்தாயிற்று. நீ விஜிலா மூலம் சரி என்று சொல்லி அனுப்பினால்தான் பேசுவார்கள், இல்லையென்றால் சும்மா போய்க் காப்பி குடித்துவிட்டு வருவார்கள். சரி என்றால் எனக்குப் பெண் வீட்டு வரிசையில் ஒரு நாற்காலி போடச் சொல். நான் அங்கேதான் உட்காருவேன். புது மோதிரத் தட்டை யார் பிடித்தாலும் பக்கத்தில் நான் நிற்பேன், அந்தப் பையன் தன் பெயரை எடுத்துத் தனக்கே மாட்டிவிடாமல் பார்த்துக்கொள்வேன். நயினார் அண்ணாச்சியையும் கூட்டி வருவேன். ஒரு தடவையாவது அவர் வெளிச்சத்தில் பார்க்கட்டும்.

அந்தக் கனவு நேற்றும் வந்தது. அதே பச்சைத் தண்ணீர், அவன் குனிந்து நிற்கிறான். அவன் சொல்வதற்கு முன்னாலேயே நான் தள்ளி நின்றுகொண்டேன். அவன் நிமிர்ந்து, ஆங், இப்ப தெரியுது என்றான். என்ன தெரிந்தது என்று எனக்குத் தெரியவில்லை. நான் அங்கே உன்னை நினைத்துக்கொண்டேன்.

கருவாட்டுப் பொடியை ஈரக் கரண்டியால் எடுக்காதே. கருப்பட்டியில் சுக்குத் தட்டிப் போட்டிருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. எனக்குப் பதில் கடிதம் எழுத வேண்டாம், ஃபோனிலும் இதைப் பற்றிப் பேச வேண்டாம், ரெண்டு பேரும் அழுதுகொண்டிருப்போம். போட்டோ மட்டும் அனுப்பு. நான் பெற்ற பிள்ளைக்குச் செய்கிற ஜெபத்தை இனி உனக்குச் செய்கிறேன். கர்த்தர் உன் வீட்டை விளங்கப் பண்ணுவார். அடுத்த போட்டோவில் ரெண்டு கையும் தெரியும்படி நில்லு மகளே.

உன் நினைப்பாகவே இருக்கிற
அத்தை தேவகனி